அசையாத புள்ளி

அசைந்தால் பருந்து, அசையாவிட்டால் கேமராவின் சொத்தைப்பல். இவ்வளவுதான் விஷயம், இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், திரையில் ஓடுகிற கும்பாபிஷேகப் படத்தில் அந்தக் கரும்புள்ளியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தானாகத் தெரிந்துவிடும், நானும் மத்தியானச் சோறு தின்ற கையோடு உட்கார்ந்தவன்தான், அது அசையமாட்டேன் என்கிறது. வானம் வெளுத்து, அலசிக் காயப்போட்ட இட்லித் துணி மாதிரி திரை முழுக்கக் கிடக்கிறது, நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி ஓர் எள். ஓடவிட்டால் அங்கேயே. நிறுத்தினால் அங்கேயே. பின்னால் ஓட்டினாலும் அங்கேயே, மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்து திரும்பிப் போக மறந்தவன் மாதிரி. கேமராவின் கண்ணாடிக்குப் பின்னால் தபால்தலை அளவில் ஒரு சில்லு இருக்கிறது, சென்சார் என்பார்கள், அதில் வெளிச்சம் விழுந்துதான் படமாகிறது, வயசானால் அதுவும் அங்கங்கே செத்துப்போகிறது, செத்த இடத்தில் ராஜாவை எடுத்தாலும் கறுப்புப் பொட்டு, ரோஜாவை எடுத்தாலும் கறுப்புப் பொட்டு. அதைச் சரிபண்ணுவது ஒன்றும் பிரமாதமில்லை. மவுஸால் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும், பக்கத்து வானத்தில் கொஞ்சம் கிள்ளி இதன்மேல் ஒட்டு என்று சொல்ல வேண்டும், ஒட்டிவிடும். என் கைதான் போன வருஷத்திலிருந்து ஆட்டம் கண்டிருக்கிறது, வட்டம் போடப் போனால் முட்டை வருகிறது, முட்டை என்று நினைத்து விட்டால் கோழியாகிவிடுகிறது. எப்படியோ போட்டேன். எள் மறைந்தது. வானம் சுத்தம். சுத்தமான வானத்தைப் பார்த்ததும் உடனே அழித்ததைத் திரும்பக் கூப்பிடுகிறேன், எள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மறுபடி அழிக்கிறேன். மறுபடி கூப்பிடுகிறேன். “ஏங்க, அண்ணனுக்கு வண்டி வந்துரும். இன்னுமா அந்தப் பொட்டியைக் கட்டிக்கிட்டு அழுவறீங்க?” என்று அடுப்படியிலிருந்து பாக்கியம் கேட்கிறாள். அழவில்லையடி, அழித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது, வேண்டாம், இன்றைக்கு அவள் சிரிக்கமாட்டாள், அவளுடைய அண்ணன்.

ரத்தினசபாபதி மச்சான் மூன்றாவது வீட்டில், ஹாலில், டிவிக்கு எதிரே போட்ட கட்டிலில், இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறார், சாயங்காலம் ஆஸ்பத்திரி வண்டி, நாளைக் காலையில் ஆபரேஷன். இதயம் கொஞ்சம் சோணங்கியாக இருக்கிறது, மயக்க மருந்தைத் தாங்குமா பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன அந்தப் ‘பார்க்கலாம்’ இருக்கிறதே, அதை வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவருக்கு அந்தக் கவலையில்லை. அவருக்கு ஒரே கேள்வி. கருடன் வந்துச்சா? எங்கள் ஹவுசிங் போர்டு காலனியின் பிள்ளையார், தெருமுனை அரசமரத்தடியில் மழையிலும் வெயிலிலும் சும்மா உட்கார்ந்திருந்தவர், ரோடு அகலப்படுத்துகிறோம் என்று வந்தார்கள், மச்சான்தான் முன்னே நின்று அவரைப் பெயர்த்து எதிர்ப்பக்கம் பார்க்குக்கு விட்ட இடத்தில் கொண்டுவந்து வைத்து, கோயில் கட்டி, கோபுரம் எழுப்பி, கலசம் வாங்கி, எல்லாம் முடித்து, கும்பாபிஷேகத்துக்கு முந்தின வாரம் சாரத்தில் ஏறி எட்டிப் பார்க்கிறேன் என்று போய் விழுந்தார். உட்கார்ந்தவரை எழுப்பினால் இப்படித்தான் என்று பால் வாங்கப் போகிற இடத்தில் நாலு பேர் பேசியதை அவர் காதுக்கு யார் கொண்டுபோனார்களோ. கும்பாபிஷேகத்தன்று கலசத்தில் தண்ணீர் ஊற்றும் நேரத்துக்குக் கருடன் வந்து மேலே வட்டம் போட்டால் சாமி ஏற்றுக்கொண்டது, வராவிட்டால் இல்லை, இதை நம் சனங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பிள்ளையார் கோயிலுக்குப் பெருமாள் வண்டி எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, “உன் கல்யாணத்துக்கு என் ஸ்கூட்டர் வரலையா, அப்படித்தான்” என்றார். ஆபரேஷன் என்று ஆனதும் கோயில் சாவிக்கொத்தை பாக்கியத்தின் கையில் கொடுத்துவிட்டார். “கருடன் வந்திருந்தா, திரும்பி வந்து வாங்கிக்கறேன். வரலைன்னா அதை நீயே வெச்சுக்க பாக்கியம்.” அன்றிலிருந்து அவள் இடுப்பில் அது தொங்குகிறது, நடக்கும்போதெல்லாம் சத்தம், குளிக்கப் போனால்கூடச் சத்தம்.

வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். படுத்துக்கிடப்பவரிடம் வேறென்ன சொல்வார்கள்? காலனியே வரிசையாக வந்து, ஹார்லிக்ஸை வைத்துவிட்டு, “வந்துச்சுங்கய்யா, அருமையா வந்துச்சு” என்றது. எத்தனை சுத்து சுத்துச்சு என்று கேட்டால் ஒருத்தர் மூன்று, ஒருத்தர் ஐந்து, பின்தெரு அம்மா ஒருத்தி கொடிமரத்தில் உட்கார்ந்தது என்றே சொல்லிவிட்டாள், எங்கள் கோயிலில் கொடிமரமே கிடையாது. மச்சான் என்னைப் பார்த்தார். நான் பார்த்தேன் மச்சான், என்றேன். “நீயா” என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் எழுபத்தொரு வயசும் இருந்தது. மேட்டூர் அணையில் தவறி விழுந்த என் கேமராவை ஒரு கெளுத்தி முழுங்கி, அதை அறுத்து எடுத்தபோது கேசட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, போட்டுப் பார்த்தால் மீனின் குடல் முழுக்கக் கலரில் பதிவாகியிருந்தது என்று இவருக்குத்தான் முதலில் சொன்னேன். ஏற்காட்டுப் பனியைக் கத்தியால் அறுத்துத் தூக்குப்போசியில் அடைத்து பாக்கியத்துக்குக் கொண்டுவந்தேன், மூடி சரியாக இல்லாததால் பஸ்ஸிலேயே கண்டக்டர் குளிரெடுத்து இறங்கிப்போய்விட்டார் என்று இவர் எதிரில்தான் சொன்னேன். சொல்லும்போது சிரிப்பார், கூட ஒரு வரி சேர்த்துக்கொடுப்பார், கெளுத்திக்கு மீசை இருந்ததா, மீசையில் மைக் மாட்டியிருந்ததா என்பார். எத்தனையோ கதைக்கு அவர்தான் வாலும் றெக்கையும் ஒட்டியவர். இப்போது அதே ஆள் “நீயா” என்கிறார். “நீ கண்ணால பார்த்தது இருக்கட்டும் மாப்ள. கேமராவுல எடுத்தியில்ல, அதைக் காட்டு. படம் பொய் சொல்லாது.”

பார்த்தேன். இதில்தான் சிக்கிக்கொண்டு நிற்கிறேன், கைலி ஆணியில் மாட்டினது மாதிரி, நான் நிஜமாகவே பார்த்தேன். குருக்கள் குடத்தோடு மேலே ஏறிவிட்டார், மேளம் கெட்டியாகிவிட்டது, தண்ணீரைப் பம்பு வைத்து ஜனங்கள்மேல் அடிப்பார்கள் என்பதால் எல்லோரும் போனையெல்லாம் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிந்துகொண்டார்கள், குடம் கவிழ்ந்ததும் கையைத் தலைக்குமேல் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்கள், யாரோ வழக்கம்போல “கருடன் கருடன்” என்று கத்தினார்கள், அது எந்தக் கோயிலிலும் யாராவது கத்துவது, புறாவைப் பார்த்தும் கத்துவார்கள். கண்ணை மூடாதவன் நான் ஒருத்தன்தான், பக்தியில்லாமல் இல்லை, கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவன் கண்ணை மூடினால் அடுத்த கோயிலுக்குக் கூப்பிடமாட்டார்கள். கேமராவிலிருந்து தலையை எடுத்து அண்ணாந்தேன். மலைப்பக்கத்திலிருந்து வந்தது. முதுகு செங்கல் நிறம், தலையும் மார்பும் வெள்ளை, றெக்கையை அடிக்கவேயில்லை, காற்றில் சும்மா படுத்துக்கொண்டு வந்தது, கலசத்துக்கு நேர்மேலே வந்து சாய்ந்து திரும்பியது. பிடி, பிடி என்று கேமராவை மேலே திருப்பினேன். அங்கேதான் சனியன் பிடித்தது. பழைய கேமரா, எதையாவது பற்றிக்கொண்டுதான் ஃபோகஸ் செய்யும், கோபுரம் கிடைத்தால் கோபுரம், மூக்கு கிடைத்தால் மூக்கு, வெறும் வானத்தைக் காட்டினால் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் இருட்டில் சுவிட்சு தேடுகிறவன் மாதிரி முன்னும் பின்னும் துழாவும். துழாவியது. படம் முழுக்க மங்கல். ஒரு வாய் காபி விழுங்குகிற நேரம் இருக்குமா, அவ்வளவுதான், பிறகு தெளிந்தது, தெளிந்தபோது வானத்தில் ஒன்றுமில்லை. போய்விட்டது. அந்த மங்கலுக்குள் அது இருக்கிறது. தண்ணீரில் கரைந்த வெல்லம் மாதிரி இருக்கிறது, இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நாக்கு வைத்துப் பார்க்க முடியாது.

ஆனால் அந்த மங்கலில் ஒரே ஒரு பொருள் மட்டும் தெளிவாக இருக்கிறது, அதுதான் வேடிக்கை, அதுதான் என்னைக் கொல்கிறது. ஃபோகஸ் தப்பினால் உலகம் மங்கும், சில்லில் செத்த புள்ளி மங்காது, அது வெளியே இருந்து வருவதில்லையே, அது வீட்டு ஆள். ஆகவே வெளுத்த மங்கல் வானத்தில் கூராக, கறுப்பாக, ஓர் எள். தெரியாதவன் பார்த்தால் என்ன சொல்வான்? அதோ கருடன் என்பான். உயரத்தில் நின்றுவிட்டது பார், எவ்வளவு அழகாக நிற்கிறது என்பான். உண்மையாக வந்தது கரைந்துபோய், வராத சொத்தைப்பல் உட்கார்ந்து காட்சி கொடுக்கிறது. இதை இப்படியே விட்டுவிட்டால் போதும். நான் வாயைத் திறக்கக்கூட வேண்டாம். போட்டுக்காட்டிவிட்டுச் சும்மா நிற்கலாம், மச்சானே பார்த்துக் கையெடுப்பார், நிம்மதியாகப் போவார், சாவியை வாங்க வருவார். பொய்யுமில்லை, கருடன் வந்தது நிஜம்தானே, வந்ததற்கு ஒரு சாட்சி வேண்டியிருக்கிறது, சாட்சி கொஞ்சம் ஆள் மாறிவிட்டது, அவ்வளவுதான். இப்படி நான் எனக்கே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டிருக்கும்போது விரல் தானாகப் போய் அழித்துவிடுகிறது. ஏனடா அழித்தாய் என்றால் விரலுக்கும் தெரியவில்லை. கெளுத்திக்கு மீசை வைத்த கை, பனியை அறுத்த கை, ஓர் எள்ளைப் பருந்து என்று சொல்ல இந்தக் கைக்கு என்ன வந்தது? அதெல்லாம் விளையாட்டு, அவரும் சிரித்தார் நானும் சிரித்தேன், நடுவில் யாரும் ஏமாறவில்லை. இது அப்படியில்லை. இதில் அவர் கையைக் கூப்புவார். எனக்குச் சிரிப்பு வராது. திரும்பக் கூப்பிடுகிறேன். எள் வந்து உட்கார்ந்தது.

இந்தப் புள்ளியை நான் முன்பே சரிபண்ணியிருக்க வேண்டும், எத்தனை விசேஷத்தில் இது முகத்தைக் காட்டியிருக்கிறது. மச்சானின் மகள் பவானி கல்யாணத்தில் பெண்ணின் கன்னத்தில் வந்து உட்கார்ந்தது, “என்னங்க மாமா இது” என்று மாப்பிள்ளை வீட்டுப் பையன் ஒருத்தன் கேட்டான், கேமராவே திருஷ்டிப் பொட்டு வைத்துக் கொடுக்கிறது, ஜப்பானில் இப்போது இப்படித்தான் வருகிறது என்றேன், நம்பிவிட்டார்கள், எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. இப்போது அதுதான் பயமாக இருக்கிறது. சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வந்துவிடும், அது என் வாகு. செங்கல் நிறம், வெள்ளைத் தலை என்றேனே, அந்த உயரத்தில் நிறம் தெரிந்ததா, இல்லை கருடன் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அப்புறம் பூசிக்கொண்டேனா? போன மாதம் கண் டாக்டர் என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே சின்னதாக மிதக்கிறது, வயசுக்கு வருவதுதான், பூச்சி பறப்பதுபோல் தெரியும், கண்டுகொள்ளாதீர்கள் என்றார். என் சில்லிலும் ஒரு புள்ளி. வெளுத்த வானத்தை அண்ணாந்து பார்த்தால்தான் அது நன்றாகத் தெரியும் என்றும் சொன்னார். அன்றைக்கு நான் பார்த்தது வெளுத்த வானம். ஐயோ, இல்லை, அது சாய்ந்து திரும்பியது, பூச்சி சாய்ந்து திரும்புமா, றெக்கையின் நுனி விரல் விரலாகப் பிரிந்திருந்தது, பார்த்தேன். பார்த்தேனா? கண்ணை மூடி அதைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். கோபுரம் வருகிறது, மேளம் வருகிறது, முகத்தில் பம்புத்தண்ணீர்கூட வருகிறது, மேலே பார்த்தால் இட்லித் துணி. அதில் எள். மத்தியானத்திலிருந்து இதையே போட்டுப் போட்டுப் பார்த்து உள்ளே இருந்த படத்தின்மேல் இது பதிந்துவிட்டது. இன்னொரு தரம் மூடினேன். எள். கண்ணைக் கசக்கிவிட்டு மூடினேன். அங்கேயேதான் இருந்தது, வலப்பக்கம் தள்ளி, அசையாமல். இதை அழிக்க எந்த மவுஸும் கிடையாது. என்னிடம் இருந்தது ஒரே ஒரு நிஜம், அதையும் நானே உட்கார்ந்து தேய்த்துவிட்டேன்.

“வண்டி வந்துருச்சு!” என்று பாக்கியம் கத்த, சாவி குலுங்க, நான் பென்டிரைவைச் செருகி, எள் இருக்கிறபோதா இல்லாதபோதா என்று பார்க்காமல் ஏற்றினேன், பார்க்க எனக்குத் தெம்பில்லை, எது இருக்கிறதோ அது போகட்டும். மூன்று வீடு தாண்டுவதற்குள் என்ன சொல்வது என்று மூன்று கதை வந்தது, மூன்றும் நல்ல கதை. ஹாலில் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு டிரைவர் செருப்புப் போடாத காலால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். மச்சானுக்குச் சவரம் முடிந்திருந்தது, திருநீறு பளிச்சென்று இருந்தது. “அஞ்சு நிமிசம் இருப்பா, எங்க மாப்ள படம் காட்டுறாரு” என்று அவனிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “போடு.” போட்டேன். கலசம், குடம், தண்ணீர், மேளம், படம் மேலே திரும்பியது, மங்கல் வந்தது. எள் இருந்தது. போர்வைக்குள்ளிருந்து மச்சானின் கை வெளியே வந்தது. “அதோ” என்றார். “எங்கண்ணா? ஐயோ ஆமாண்ணா, நிக்குதே, அப்படியே நிக்குதே!” என்று பாக்கியம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், டிரைவர்கூட எட்டிப் பார்த்துக் கும்பிட்டான். வாயைத் திறக்காதே, திறக்காதே, முடிந்தது. மச்சான் கண்ணை எடுக்காமல் பார்த்தார். “பாக்கியம், கன்னத்துல போட்டுக்காத” என்றார். “இந்தக் கருடன் நம்ம பவானி கல்யாணத்துக்கும் வந்திருந்துச்சு. ரிசப்ஷன்ல மாப்பிள்ளையோட முன்பல்லு மேல உக்காந்து பாயசமெல்லாம் சாப்பிட்டுட்டுப் போச்சு. இல்ல மாப்ள?”

அந்த மூன்று நல்ல கதையும் எங்கே போயிற்றோ. ஆமாம் மச்சான், என்றேன். அது கேமராவோட கோளாறு. கருடன் வந்துச்சு, நான் பார்த்தேன், திருப்புறதுக்குள்ள ஃபோகஸ் போயிடுச்சு, அந்த மங்கலுக்குள்ளதான் இருக்கு, காட்ட முடியல. என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது, வாலும் இல்லை, றெக்கையும் இல்லை. மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார், இடுப்பு வலித்து முகம் கோணினாலும் சிரித்தார். “ஏன் மாப்ள, இத்தனை வருசத்துல இவ்வளவு மட்டமா நீ ஒரு கதை சொல்லி நான் கேட்டதில்லையே. நீ பொய் சொல்லியிருந்தா அது கலசத்து மேல உக்காந்து, ‘ரத்தினசபாபதி எங்கே’ன்னு பேரைச் சொல்லிக் கேட்டிருக்குமே. மங்கலுக்குள்ள இருக்குங்கிறயே, இதை ஒருத்தன் பொய்யா சொல்லுவானா?” மூச்சு வாங்கியது. “இன்னொருக்காப் போடு.” போட்டேன். மங்கல் வந்ததும் நிறுத்தச் சொன்னார். எள்ளைப் பார்க்கவில்லை, சுற்றியிருந்த வெளுப்பைப் பார்த்தார், கிணற்றுக்குள் குடம் தேடுகிறவர் மாதிரி. “எந்தப் பக்கம் மாப்ள?”

எந்தப் பக்கம். கையைத் தூக்கினேன். தூக்கின பிறகுதான் தெரிந்தது, எனக்குத் தெரியாது. இடப்பக்கமா, மேலேயா, உள்ளே தேடினால் எள்தான் நிற்கிறது, இதைச் சொல்ல வாயும் வரவில்லை, தூக்கின கையை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. விரல் டிவிக்கு முன்னால் நின்றது. நின்றால் பரவாயில்லை, ஆடியது. நிறுத்தப் பார்த்தேன், நிறுத்த நிறுத்த அதிகமாகியது, இடப்பக்கம் போய், மேலே ஏறி, வலப்பக்கம் சரிந்து, எள்ளைத் தாண்டி, திரும்பி, முட்டையாக, வட்டமாக, மறுபடி வட்டமாக. மச்சானின் கண் டிவியை விட்டுவிட்டு என் விரலைப் பிடித்துக்கொண்டது, அதன் பின்னாலேயே போயிற்று, ஏறியது, சரிந்தது. கை இரண்டும் நெஞ்சின்மேல் கூடின. “சுத்துதுடா” என்றார். அவரைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் வைத்தார்கள், வாசலைத் தாண்டும்போது, “பாக்கியம், சாவியைத் தொலைச்சுராத” என்று சத்தம் வந்தது. நான் கூடவே வாசல்வரை போனேன், கையைத் தூக்கியபடியே, கதவு சாத்தினார்கள், வண்டி நகர்ந்தது, பார்க்கையும் கோயிலையும் தாண்டி அரசமரத்து முனையில் திரும்பியது. “கையை இறக்குங்க, தெருவுல எல்லாரும் பார்க்கறாங்க” என்றாள் பாக்கியம். எப்படி இறக்குவது? இறக்கினால் நின்றுவிடும்.